எல்லாம் திடீரென்று வருகிற ஊர்

ஜனவரி 16, அருப்புக்கோட்டை

நாளை விடிகாலை ஐந்தரைக்குப் புறப்பாடு. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இருக்கன்குடிக் கோயிலைத் தாண்டி என்னை எங்கும் கூப்பிடாத பெண்பிள்ளை, ராஜஸ்தான் பாலைவனம் பார்க்க வேண்டும் என்கிறாள். அதுவும் ரயிலில் வேண்டாமாம், நம் காரிலேயே போக வேண்டுமாம், நான்தான் ஓட்ட வேண்டுமாம். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

புது டைரி என்பதால் முறைப்படி எழுதிவைக்கிறேன். பெயர் சங்கையா. வயது அறுபத்து மூன்று. அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் ஓட்டுநர், பெரும்பாலும் அருப்புக்கோட்டை–கோவை தடம். ஒரு விபத்து கிடையாது. ஒரு கோழியைக்கூட அடித்தது கிடையாது. (ஒரு கோழி உண்டு. அதுவாக வந்து விழுந்தது.) மனைவி குருவம்மாள், சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரே மகள் தேன்மொழியைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அம்மாவும் மகளும் ஒரு மாதமாகப் போனில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு கொத்தமல்லித் துவையலுக்கு மாறுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து குருவம்மாள் தினமும் காலையில் 'வாக்கிங்' போய்வருகிறாள். ஒரு மணி நேரம் நடந்து வருகிறவளின் செருப்பில் மண் ஒட்டவில்லை. கேட்டால், "ரோட்டு மேலதாங்க நடக்கேன்" என்கிறாள். சந்தேகப்படுவது என் குணமில்லை. ஆனால் ஓட்டுநர் என்று இருந்தால் நாலு பக்கமும் கவனம் வேண்டும்.

கண்ணைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், பிறகு பேச்சில்லை. நவம்பரில் மதுரைக்குப் போய் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி மாற்றத்தான் போனேன். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸே ஆச்சரியப்பட்டாள். அதோடு விட்டார்களா? ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, விளக்குப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நடுவில் நாலைந்து வந்தது. அப்புறம் புள்ளியே வரவில்லை, நான் எதை அமுக்குவது? மெஷின் ரிப்பேர் என்று நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டு டாக்டர் என்னவோ சொன்னார். வண்டி ஓட்டுவது பற்றியும் சொன்னார். மீசை முளைத்து நாலு வருஷம் ஆகியிருக்காது அவருக்கு.

அந்த ஃபைலை டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். இன்று வண்டியைத் துடைக்கும்போது பார்த்தேன். சாக்கின் மடிப்பு நான் மடித்த மாதிரி இல்லை.

ஜனவரி 17, ஓசூர்

நல்ல ஓட்டம். கரூர் தாண்டி ஒரு லாரி திடீரென்று இடப்பக்கம் வந்து நின்றது. இந்தக் காலத்து லாரிக்காரர்களுக்கு ஹார்ன் அடிக்கும் பழக்கமே போய்விட்டது.

குருவம்மாள் வழி முழுக்க என் காலையே பார்த்துக்கொண்டு வருகிறாள். நான் பிரேக் போட்டால் அவள் வலது காலும் தரையை அமுக்குகிறது. பயந்த பயணிகள் செய்கிற காரியம்தான், பஸ்ஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவளுக்கு இடது காலும் சேர்ந்து அமுங்குகிறது. வாதமாக இருக்குமோ?

ஜனவரி 18, ஹூப்ளி

சாம்பாரில் வெல்லம்.

ஜனவரி 19, புனே

இருட்டினால் ஓட்டுவதில்லை என்று முடிவு எடுத்திருக்கிறேன். அவள் சொல்லி அல்ல, நானாக எடுத்த முடிவு. எதிரே வரும் விளக்குகள் இப்போதெல்லாம் வட்டம் வட்டமாக விரிகின்றன. எல்.இ.டி. வந்ததிலிருந்தே இப்படித்தான்.

லாட்ஜில் தலைவலி மாத்திரை தேடி அவள் கைப்பையைத் திறந்தேன். உள்ளே மூன்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, புதுசு. பொட்டைக்கூடச் சின்னதாக வைத்துக்கொண்டு, யாரையோ அடிக்கப்போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டு இருக்கிறாள். ஆதாருக்கு என்கிறாள். ஆதாருக்கு அவர்களே போட்டோ எடுப்பார்கள் என்பது எனக்கா தெரியாது? ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

ஜனவரி 21, அகமதாபாத்

நேற்றும் இன்றும் ஓட்டம்தான். இரண்டு பைக், ஒரு எருமை, ஒரு கல்யாண ஊர்வலம். எல்லாம் திடீரென்று வந்தவை. குருவம்மாள் இப்போது கண்டக்டர் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "இடதுல ஆட்டோ. இடதுல ஒரு அம்மா. வலதுல பள்ளிக்கூட வேன்." எனக்குத் தெரியாதது மாதிரி! நல்ல எரிச்சல். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் சொன்னது எதுவும் தப்பாக இல்லை.

கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தை ஷேவிங் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டுதான் விடுகிறேன். டாக்டர் சொன்னதற்காக அல்ல. வாங்கியாயிற்று, வீணாக்குவானேன்.

ஜனவரி 23, ஜோத்பூர்

பாலி தாண்டி ஒரு மோட்டார்சைக்கிளைக் கும்பிடுகிறார்கள். கேலி இல்லை, நிஜமாகவே கும்பிடுகிறார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் பழைய புல்லட், அதற்கு மாலை, ஊதுபத்தி, பாட்டுக் கச்சேரி. அந்த வண்டியில் போன வாலிபன் மரத்தில் மோதிச் செத்துப்போனானாம். போலீஸ்காரர்கள் வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் விடிகாலையில் அது விபத்து நடந்த இடத்திலேயே வந்து நிற்குமாம். அந்த வழியாகப் போகிற ஓட்டுநர்கள் எல்லாம் நின்று கும்பிடுகிறார்கள், நிற்காதவர்கள் ஹார்னாவது அடித்துவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அவரவர் பயத்துக்கு அவரவர் சாமி.

குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றவள் நின்றவள்தான். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்கும்வரை நகரவில்லை. சிவப்புக் கயிறு இரண்டு வாங்கினாள். ஒன்றை அங்கிருந்த மரத்தில் கட்டினாள். இன்னொன்றைக் கொண்டுவந்து என் ஸ்டியரிங்கில் கட்டினாள்.

"அப்படி என்ன வேண்டுதல்?" என்றேன்.

"நல்லபடியாப் போயி நல்லபடியாத் திரும்பணும். வேற என்ன?"

"முப்பத்தோரு வருஷம் ஓட்டுனவன் கூட வாரவளுக்கு என்ன பயம்?"

"மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

யார் மடியில்? யாரைச் சொல்கிறாள்? டீ குடிக்க நிறுத்திய இடத்தில், டயர் காற்றுப் பார்ப்பது மாதிரி டிக்கியைத் திறந்து பார்த்தேன். சாக்கு அங்கேதான் இருந்தது.

ஜனவரி 24, பொக்ரான்

இன்று ஆகாய விமானத்தில் டீ குடித்தோம். எங்கிருந்தோ ஒரு பழைய விமானத்தின் உடலை வாங்கிவந்து, ரோட்டோர மணலில் நட்டுவைத்து, அதற்குள் டீக்கடை நடத்துகிறார் ஒரு சர்தார். படியேறி உள்ளே போனால் விமான சீட்டிலேயே உட்காரலாம். ஜன்னல் வழியாக ஆகாயத்துக்குப் பதில் ஒட்டகம் தெரிகிறது. பணிப்பெண் வேலைக்குச் சர்தாரின் மாமியார். சீட் பெல்ட் போட்டால்தான் சமோசா தருவேன் என்று சைகையில் சொன்னார். குருவம்மாள் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னாள், விமானத்தில் அல்ல, நம் காரில். "ஸ்டியரிங்கைப் பிடிச்சாப்புல இருங்க" என்று போட்டோ எடுத்தாள். இது ஏழாவது போட்டோ. புல்லட் கோயிலிலும் இதே மாதிரிதான் எடுத்தாள். எல்லாவற்றிலும் நான் ஸ்டியரிங்கோடு. எதற்குச் சேர்க்கிறாள்? மாலை போட்டு மாட்டுவதற்கா?

புறப்படும்போது விமானத்தின் இறக்கை திடீரென்று வந்துவிட்டது. இடப்பக்கக் கண்ணாடி போயிற்று.

சர்தார் ஓடிவந்தார். பன்னிரண்டு வருஷமாக இறக்கை அதே இடத்தில்தான் இருக்கிறது, இதுவரை ஒருவரும் இடித்ததில்லை என்று இந்தியில் சொன்னது எனக்கே புரிந்தது. குருவம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி ஒரு கேரிபேக்கில் போட்டாள். முப்பத்தைந்து வருஷமாக ஒரு தம்ளர் உடைந்தால்கூட மூன்று நாள் பேசுகிறவள். இவள் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 25, ஜெய்சல்மர்

காலையில் கல்மரம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் காடாக இருந்த இடமாம். மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கிறது. ஓடிவிடும் என்று பயந்த மாதிரி ஒவ்வொன்றுக்கும் கம்பிக்கூண்டு, தகரக் கூரை. ஒரு கூண்டின் கம்பி முழங்காலில் பட்டது. குருவம்மாள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விடவே இல்லை. தெருவில் என் கையைப் பிடித்து நடந்தவள் இல்லை அவள். கல்யாணத்தன்று ஐயர் பிடிக்கச் சொன்னதோடு சரி. ஜனங்கள் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது. இழுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

மத்தியானம் குல்தரா. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஊர் மொத்தமும் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போய்விட்டதாம். கூரையில்லாத வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பேய் இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். பேயைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும்.

ஒரு குட்டிச்சுவரில் உட்கார்ந்து, லாட்ஜில் வாங்கிய சோற்றில் ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து சாப்பிட்டோம். அப்போது கேட்டாள்.

"ஏங்க, ஊரே கெளம்பிப் போயிருக்கே. மொத மொத 'போயிருவோம்'னு யாரு வாயத் தெறந்து சொல்லியிருப்பா?"

"யாருக்குத் தெரியும்?"

"எல்லார் மனசுலயும் இருந்திருக்கும். ஒருத்தர் சொல்லட்டும்னு ஒருத்தர் காத்துக் கெடந்திருப்பாக."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டைக் காலி செய்வது பற்றிப் பேசுகிறாள். அருப்புக்கோட்டை வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் உட்காரலாம் என்று திட்டம். என் வாயாலேயே சொல்லவைக்கப் பார்க்கிறாள். நான் ஊறுகாய் கேட்டேன்.

ஜனவரி 26, ஜெய்சல்மர்

கொடி ஏற்றினார்கள். எங்களுக்கு ஓய்வு.

சந்தேகம் ஊர்ஜிதம். லாட்ஜ் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே மகளிடம் பேசுகிறாள், நான் படிக்கட்டில் நிற்பது தெரியாமல். "இன்னும் வாயத் தெறக்கல தேனு... நானாச் சொல்லமாட்டேன்... ஊருக்கு வந்ததும் நேரா ஒங்க வீட்டுக்குத்தான்... கையெழுத்து அவரு போடணும்ல, அதான் யோசனையா இருக்கு."

கையெழுத்து! நான் பெற்ற பிள்ளையும் கட்டிய பெண்டாட்டியும் சேர்ந்து என்னிடம் கையெழுத்து வாங்கத்தான் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூட்டிவந்திருக்கிறார்களா?

சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போகும்போது அவள் "இடதுல பைக்கு" என்று ஆரம்பித்தாள். எனக்கு வெடித்துவிட்டது.

"நீ என்ன கண்டக்டரா? எனக்குக் கண்ணு இல்லையா? நாளையிலருந்து வண்டியில ஏறுனா வாயைத் தெறக்கப்படாது. தெறந்தா எறக்கிவிட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாளை எல்லைப் பக்கம் தனோட் கோயில். சண்டைக் காலத்தில் விழுந்து வெடிக்காத குண்டுகளைச் சாமிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்களாம். குண்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள்.

ஜனவரி 27, ராம்கர்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 28, ராம்கர்

நேற்று ஒன்றும் இல்லை என்று எழுதியது பொய்.

ராம்கரைத் தாண்டிப் பதினெட்டாவது கிலோமீட்டர். நேர் ரோடு. கோடு கிழித்த மாதிரி, ஏற்றமும் இறக்கமுமாகப் போகிறது. இரண்டு பக்கமும் மணல். எதிரே ஒரு வண்டி கிடையாது. அப்படி ஒரு ரோட்டை நான் பார்த்ததில்லை. எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். குருவம்மாள் நான் சொன்னபடி வாயைத் திறக்காமல் வந்தாள்.

திடீரென்று அவள் பாய்ந்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் தள்ளினாள். இன்னொரு கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். வண்டி சுற்றிக்கொண்டு மணலில் இறங்கி நின்றது. கண்ணாடி முழுக்க வைக்கோல் மாதிரி ஏதோ வந்து விழுந்தது.

தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண். சிவப்பு முக்காடு. ரோட்டோரமாக நடந்து வந்திருக்கிறாள், இடப்பக்கம். பட்டப்பகல். அவள் உடுத்தியிருந்தது அத்தனை பளிச்சென்ற சிவப்பு. சுற்றிலும் மஞ்சள் மணல். நான் பார்க்கவில்லை. என் வண்டி அவள் தலையில் நீட்டிக்கொண்டிருந்த புல்லுக்கட்டைத் தட்டியிருக்கிறது. கட்டு தெறித்த வேகத்தில் அவள் விழுந்து முழங்கை சிராய்த்து ரத்தம். இன்னும் ஒரு சாண் ரோட்டுப் பக்கமாக நடந்திருந்தால், அல்லது குருவம்மாள் அரை விநாடி யோசித்திருந்தால்... எழுத முடியவில்லை.

நான் சீட்டைவிட்டு எழவில்லை. குருவம்மாள்தான் ஓடினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து காயத்தைக் கழுவி, தன் சால்வையைக் கிழித்துக் கட்டினாள். அந்தப் பெண் அழுதாள், பிறகு குருவம்மாளைத் திட்டினாள், பிறகு குருவம்மாள் அழுவதைப் பார்த்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பக்கத்துக் குடிசைகளிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அதில் ஒரு பெரியவர், அந்தப் பெண்ணின் மாமனார் என்று பிறகு தெரிந்தது, என்னை இறக்கி நிற்கவைத்தார். என் முகத்துக்கு நேராக நின்று என்னையே பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் மீசையின் ஒவ்வொரு முடியும் எனக்குத் தெரிந்தது. எதற்கு இப்படிப் பார்க்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம்தான் அவருடைய கை என் காதோரத்திலிருந்து கண்ணுக்கு முன்னால் வந்தது. விரல்களை ஆட்டிக்கொண்டே வந்தது. எவ்வளவு நேரமாக அங்கே ஆட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது.

அவர் ஒன்றும் கோபப்படவில்லை. என் தோளில் தட்டிவிட்டு, வந்தவர்களில் ஒருவரிடம் சாவியைக் கொடுக்கச் சொன்னார். அந்த ஆள்தான் எங்களை ராம்கரில் ஒரு லாட்ஜில் கொண்டுவந்து விட்டு, சாவியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் பின் சீட்டில் உட்கார்ந்துவந்தேன்.

மதுரையில் அந்த மெஷின் ரிப்பேர் இல்லை. புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன.

இன்று பகல் முழுக்க அறையிலேயே இருந்தோம். "நான் சத்தம் போட்டிருக்கணும். நீங்க சொன்னீகன்னு வாய மூடிக்கிட்டு வந்தேன் பாருங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் பார்த்துவிட்ட பிறகும் கேட்கவில்லை. நான் சொல்லட்டும் என்று இருக்கிறாள். சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அது கிடந்து கனக்கிறது.

ஜனவரி 29, ராம்கரைத் தாண்டி

டெப்போவில் எங்களுக்கு ஒரு வழக்கம். டூட்டி முடிந்து வண்டியை அடுத்த ஓட்டுநரிடம் கொடுக்கும்போது, அதில் உள்ள குறையை வாயால் சொல்லித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். நோட்டில் எழுதிவைத்தால் மட்டும் போதாது, அவசரத்தில் அவன் படிக்காமல் எடுத்துக்கொண்டு போய்விடலாம். எதிரே நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரேக் இழுப்பதைச் சொல்லாமல் வண்டியைக் கொடுத்தவனோடு டெப்போவில் யாரும் சேர்ந்து டீ குடிக்க மாட்டார்கள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு குறையை நான் மறைத்தது கிடையாது.

காலையில் குருவம்மாள் லாட்ஜ் வாசலில் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரே நின்றேன்.

"இடப்பக்கக் கண்ணாடி இல்ல" என்றேன். "வலப்பக்கம் பின் டயர்ல காத்து கொஞ்சம் கம்மி. மணல்ல எறங்குனதுல அடியில ஒரு சத்தம் வருது, பயமில்ல."

"இதெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்றீக?"

"கேளு. பேசாதே."

துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஓட்டுறவனுக்கு ரெண்டு பக்கமும் தெரியல குருவம்மா. நேரா மட்டுந்தான் தெரியுது. குழாய்க்குள்ள பாக்குற மாதிரி. நவம்பர்லயே டாக்டர் சொல்லிட்டாரு, இனிமே ஓட்டப்படாதுன்னு. நான்தான் மறைச்சேன்."

அவள் அப்படியே காரின் முன் பம்பரில் உட்கார்ந்துவிட்டாள். துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நாகரிகமாக உள்ளே போய்விட்டார்.

"ரெண்டு மாசமாச்சுங்க இந்த ஒரு வார்த்தைக்கு" என்றாள்.

ஃபைலை நவம்பரிலேயே பார்த்துவிட்டாளாம். டிக்கியில் அரிசி மூட்டை கசிந்திருக்கிறதே என்று ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கிறாள். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் கேட்டிருக்கிறார். போன பார்வை போனதுதானாம், இருப்பதைக் காப்பாற்றலாமாம். லேசரோ என்னவோ. அதற்கு நோயாளி சம்மதித்துப் போட வேண்டிய கையெழுத்துதான் அந்தக் கையெழுத்து.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல நீ?"

"கேட்டா நீங்க பொய்யி சொல்லுவீக. சொன்ன பொய்யக் காப்பாத்தணும்னே இன்னும் வேகமா ஓட்டுவீக. எனக்குத் தெரியாதா ஒங்கள? நான் புடுங்குனேன்னு இருக்கப்படாது, நீங்களாக் குடுக்கணும். அதுக்கு முன்ன ஒரு தடவ ஆசை தீர ஓட்டிக்கிடட்டும்னு நெனச்சேன். ஆளில்லாத ரோடாப் பாத்து தேனுதான் இந்த ஊரச் சொன்னா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது தப்புங்க. அந்தப் பிள்ள முழங்கையக் கழுவுறப்பதான் தெரிஞ்சுச்சு எம்புட்டுப் பெரிய தப்புன்னு. ஆளில்லாத ரோடுன்னு ஒண்ணு கெடையாது."

தப்பில் பெரிய பங்கு என்னுடையது. அதை அவளிடம் சொன்னேன்.

பிறகு அவள் எழுந்து கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை நீட்டினாள். ஓட்டுநர் உரிமம். அதில் அந்த முறைக்கிற போட்டோ. ஜனவரி ஒன்பது தேதி. ஐம்பத்தேழு வயதில், தினமும் காலையில் வாக்கிங் என்று சொல்லிவிட்டு, பைபாஸ் பக்கத்து டிரைவிங் ஸ்கூலில் போய்ப் படித்திருக்கிறாள். முதல் தடவை தேறவில்லையாம். மேடு ஏறும்போது வண்டி பின்னால் உருண்டுவிட்டதாம். "ஒங்க பேரச் சொன்னா கேவலம்னு, வீட்டுக்காரரு என்ன வேலைன்னு கேட்டதுக்கு வெவசாயம்னு சொல்லிட்டேன்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இவளுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதை மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

முந்தாநாள் எங்களைக் கொண்டுவந்து விட்டவரை மத்தியானம் வரச்சொல்லியிருக்கிறோம். அவர் ஜோத்பூர் வரை ஓட்டுவார். அங்கிருந்து நாங்கள் ரயிலில், கார் லாரியில். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றாள் குருவம்மாள். மருந்துக் கடையில் களிம்பும் பஞ்சும் வாங்கினாள். புது சால்வை ஒன்றும் வாங்கினாள். பதினெட்டு கிலோமீட்டர்தான், நேர் ரோடு.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் உள்ளங்கை நனைந்திருந்தது. சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். மூன்று தடவை வண்டி அணைந்தது. நாலாவது தடவை ஒரு குதி குதித்துப் புறப்பட்டது. ஸ்டியரிங்கை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல் ஓட்டினாள். நான் கழுத்தைத் திருப்பித் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இடதுல ஒட்டகம்" என்றேன்.

"பாத்துட்டேன்" என்றாள்.

பதினெட்டு கிலோமீட்டரும் இரண்டாம் கியரிலேயே போனாள். இன்ஜின் கதறியது. நான் வாயைத் திறக்கவில்லை.